ஒரு கைப்பிடி இலவம்பஞ்சு

சத்தியம், சத்தியம், முச்சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால், இனி நான் குடிக்கிற டீயில் சர்க்கரை கரையாமல் அடியிலேயே கிடக்கட்டும், நான் ஏறுகிற பஸ்ஸெல்லாம் எதிர்த்திசையில் போகட்டும், என் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் முறுக்குக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கட்டும். போதுமா? இன்னும் நம்பாதவர்கள் எழுந்து போகலாம். நம்புகிறவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள்.

போடி மலையின் இடுக்கு வழியாக மேல்காற்று இறங்குகிற பாதையில் மூக்கறுத்தான்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்குச் சோறு போடுவது இரண்டு தொழில். ஒன்று இலவம்பஞ்சு, காயை உடைத்து, விதையை நீக்கி, பஞ்சைத் தலையணையில் அடைக்கிற வேலை, அதற்குக் காற்று ஆகாது, ஒரு வீச்சு வந்தால் ஒரு நாள் கூலி கூரைமேல் பறந்துவிடும். இன்னொன்று ஊருக்குத் தெற்கே வரிசைகட்டி நிற்கிற காத்தாடி. கம்பிக் கோபுரத்தின் உச்சியில் சுழன்று கரண்டு எடுக்கிற அந்த ராட்சசனுக்குக் காற்றில்லாவிட்டால் பிழைப்பில்லை. ஆக, ஒரே வீட்டில் தாய் காற்று நிற்க வேண்டுமென்றும் மகன் காற்று அடிக்க வேண்டுமென்றும் ஒரே கருப்பசாமியிடம் வேண்டிக்கொள்வார்கள், கருப்பசாமியும் இருவரையும் பார்த்துச் சும்மா இருப்பார்.

விருமாயியின் வீடு அப்படிப்பட்ட வீடு. மாமியார் மொக்கத்தாயி பஞ்சு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் பெண்களை மேய்க்கிற மேஸ்திரி. வாயில் வெற்றிலையும் தலைமுடியில் பஞ்சும் எந்நேரமும் இருக்கும். புருஷன் தவசி காத்தாடியில் ஏறிப் பழுது பார்க்கிறவன். போன ஆடியில் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் ஏணியில் கால் தவறி விழுந்தான், அவனை எடுத்துப் போய் அடக்கம் செய்த பிறகும் அவனுடைய ஒரு செருப்பு பாதி ஏணியில் மாட்டிக்கொண்டு வெகுநாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, விருமாயி தினமும் மாடியில் துணி காயப்போடும்போது அதைப் பார்த்தாள், அன்றிலிருந்து அவளுக்கு வேறு ஆசை எதுவுமில்லை. தவசி ஏணியை விட்டு இறங்க வேண்டும், அவ்வளவுதான். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை இருந்தது, அது அவளுக்குக் கிடைத்தால் அவன் ஏற வேண்டியதில்லை. அதற்கு வீட்டிலிருந்தே எழுதுகிற பரீட்சை இருந்தது. மூன்று தடவைதான் எழுதவிடுவார்கள். அவளிடம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப் இருந்தது. அந்த லேப்டாப்புக்கு ஒரு வியாதி இருந்தது. ஓடிக்கொண்டே இருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் பொட்டென்று அணைந்துவிடும்.

முதல் தடவை பரீட்சையின் நடுவில் அது அணைந்தபோது, கொடியில் படபடத்த தவசியின் பனியன் செத்த கோழி மாதிரித் தொங்கியது, தெருவில் எழும்பிய புழுதி அப்படியே உட்கார்ந்தது, தெற்கே எல்லாக் காத்தாடிகளும் மெல்ல மெல்ல நின்றன. விருமாயி அழுதுகொண்டே மறுபடி பொத்தானை அமுக்கினாள். உள்ளே இருந்த விரலளவு விசிறி ஊவென்று சுழன்றது. மலையிலிருந்து காற்று இறங்கியது. இரண்டாம் தடவை பரீட்சையிலும் அதே கதி, அதே காற்று. ஊரில் யாரும் இதற்கு மலைத்துப்போகவில்லை. "காத்து எங்கிட்டிருந்தாவது வரத்தானப்பா செய்யணும், இவ வீட்டுல இருந்து வருது" என்று டீக்கடையில் காசிமாயன் சொன்னார், அத்தோடு காரணம் பற்றிய பேச்சு முடிந்தது. காசிமாயன் காத்தாடிக்கு நிலம் கொடுத்தவர், காற்று விஷயத்தில் அவர் சொல்தான் கடைசிச் சொல்.

காரணம் முடிந்தது, தேவை ஆரம்பித்தது. நெல் தூற்றுகிறவன் வந்து, "தாயி, ஒரு மணி நேரம் ஓட விடு" என்றான். கூரைக்கு ஓலை மாற்றுகிறவன் வந்து, "மதினி, உச்சிவரைக்கும் அமத்தி வையி" என்றான். வடகம் காயப்போட்டவள் இளங்காற்று கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி அடுப்புப் புகை தன் வீட்டுக்கு வருகிறதென்று திசையை மாற்றச் சொன்னாள். அது மட்டும் முடியாது என்று விருமாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கடைசியில் ஊர் கூடிப் பேசி, காலையில் பஞ்சுக்காரர்களுக்காக மூடி வைப்பது, மதியத்துக்கு மேல் காத்தாடிக்காரர்களுக்காகத் திறந்து வைப்பது, திறந்தால் மாடியில் சிவப்புச் சேலை கட்டுவது, சேலை தெரிந்தால் எவனும் கோபுரத்தில் ஏறக்கூடாது என்று முடிவானது.

முடிவெல்லாம் சரி, லேப்டாப் கேட்க வேண்டுமே! நெல் பாதி தூற்றும்போது அணைந்தது. அதனால் ஊரே சேர்ந்து வைத்தியத்தில் இறங்கியது. சார்ஜரை மாற்று என்றார்கள், மாற்றினாள். பேட்டரியை மாற்று என்றார்கள், கம்மலை வைத்துப் புதுப் பேட்டரி போட்டாள். சூடு பிடிக்கிறது என்றார்கள், மோர்ப்பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். திருஷ்டி என்றார்கள், எலுமிச்சம்பழம் மிளகாய் கோத்துத் திரைக்கு மேல் தொங்கவிட்டாள். போடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ரிப்பேர்க் கடை சிக்கந்தர் பாய் அதைக் காலையில் போட்டுப் பொழுது சாயும்வரை ஓடவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பழக்கடைப் படுதாவெல்லாம் கிழிந்து பறந்தது, லேப்டாப் ஒரு தடவைகூட அணையவில்லை.

"நல்லாத்தானம்மா இருக்கு?"

"இங்க நல்லாத்தான் பாய் இருக்கு. வீட்டுக்கு வந்தா செத்துப் போகுது."

"அப்ப வியாதி இதுக்கில்ல, வீட்டுக்கு" என்று சொல்லி, மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். வந்து, வாசற்படியில் நின்று பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

மூக்கறுத்தான்பட்டியில் மதிப்புள்ள எதையும் வெறும் பலகையில் வைக்க மாட்டார்கள். பிறந்த பிள்ளை தலையணை மேல், கல்யாணத் தாம்பாளம் தலையணை மேல், கருப்பசாமியின் அரிவாளுக்கே வருஷத்துக்கொரு புதுத் தலையணை. விருமாயியின் லேப்டாப்பும், மரியாதையாக, புது உறை போட்ட இலவம்பஞ்சுத் தலையணையில் புதைந்து உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, மூக்கையும் வாயையும் பொத்திப் படுக்கப்போட்டுட்டு, மூச்சு நின்னுபோகுதுன்னு என்கிட்ட வந்து அழுகுற?" சிக்கந்தர் பாய் அடிமூடியைக் கழற்றி, விசிறிக்குள் இடுக்கியை விட்டு இழுத்தார். சிட்டுக்குருவிக் கூடு அளவுக்கு ஒரு பஞ்சுப் பந்து வந்தது. ஊதித் துடைத்து, பசை தடவி, மூடி, பலகையில் வைத்தார். "இனி அணையாது. மூடியத் தெறந்தா முழிச்சுக்கும், மூடுனா தூங்கும். தலகாணிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாத."

அந்தப் பஞ்சுப் பந்தை மொக்கத்தாயி கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "ஒரு கைப்பிடி பஞ்சா இந்தக் காத்தையே மடக்கி வச்சிருந்துச்சு?" என்று கேட்டு, பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் வெற்றிலையைத் துப்பினாள்.

மூன்றாவது பரீட்சை வந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கும். காலை நேரம் பஞ்சுக்காரர்களுடையது. ஆனாலும் மொக்கத்தாயியே கிட்டங்கிக்கு அன்று விடுமுறை விட்டாள். எழுதுகிறவளின் கண் திரையை விட்டு விலகக்கூடாது, வேறு ஆள் முகம் தெரியக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது, கேட்டால் பரீட்சை ரத்து என்று விருமாயி சொல்ல, பத்து மணிக்கு மேல் அந்தத் தெருவில் யாரும் இருமுவதுகூட இல்லை என்று ஊரே கருப்பசாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தது. தவசி தன் பங்குக்கு ஒன்று செய்தான். கை பட்டோ கோழி மிதித்தோ அணைந்துவிடக்கூடாதே என்று, தூங்கிக்கொண்டிருந்த லேப்டாப்பின் பொத்தானை, பைப் ஓட்டை அடைக்கிற பசையைப் பிசைந்து முந்தின நாள் சாயங்காலமே மெழுகி விட்டான். விடிவதற்குள் அது கல்லாகியிருந்தது.

"இப்ப எவன் அணைப்பான்னு பாக்குறேன்" என்றான்.

"நீ இன்னிக்கு ஏறக்கூடாது. நான் எழுதி முடிக்கிறவரைக்கும் தரையில நிக்கணும்."

"தரையிலதான் தாயி நிப்பேன். உன் தலைமேல சத்தியம்."

தலைமேல் சத்தியம் செய்துவிட்டுக் காத்தாடித் திடலுக்குப் போனவனிடம், சூப்பர்வைசர் தேவசகாயம், "தவசி, மூணாம் நம்பருல பிரேக்கக் கழட்டி வச்சிருக்கேன், காத்து இல்லாத நேரத்துலதானடே மாட்ட முடியும், பத்து மணிக்குள்ள மாட்டிட்டு எறங்கிரு" என்றார். பத்து மணிக்குத்தானே காற்று என்று தவசி ஏறிவிட்டான்.

விருமாயிக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்து ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது, அது அவளுக்கே அன்று காலையில்தான் தெரிந்தது: முகத்தைச் சரிபார்க்க அரை மணி நேரம் முன்னதாகவே வந்து உட்கார வேண்டும். சிவப்புச் சேலையை மாடியில் கட்டிவிட்டு, கதவைச் சாத்தி, ஒன்பதரைக்கே மூடியைத் திறந்தாள். விசிறி முனகியது. மலை இடுக்கிலிருந்து இளங்காற்று எழுந்து வந்து வேப்பமரத்தைத் தொட்டது.

அந்த விசிறி அதுவரை பாதி மூச்சில்தான் ஓடியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. பரீட்சைக்கென்று அவர்கள் போட்ட புரோகிராம் கேமராவைப் பிடித்துக்கொண்டது, மைக்கைப் பிடித்துக்கொண்டது, திரை முழுவதையும் பிடித்துக்கொண்டது. அத்தனையும் இழுக்க இழுக்க லேப்டாப் சூடேறியது. சூடேற ஏற விசிறி வேகம் பிடித்தது. விசிறி வேகம் பிடிக்கப் பிடிக்க வெளியே இளங்காற்று பெருங்காற்றாகி, பெருங்காற்று ஓலமாகி, முதல் கேள்வி திரையில் வந்தபோது ஓடுகள் பல்லைக் கடித்தன.

விருமாயி எழுதினாள். பத்தாவது கேள்வி, இருபதாவது கேள்வி, கை தயங்கவில்லை. ஒவ்வொரு விடைக்கும் தவசி ஏணியில் ஒரு படி இறங்குவதாக மனசுக்குள் வைத்துக்கொண்டாள். இந்த விடைக்கு ஒரு படி, அந்த விடைக்கு ஒரு படி, இறங்கு ராசா, இறங்கு. ஓரக்கண்ணில், கம்பி ஜன்னலுக்கு வெளியே, ஆட்கள் கூடுவது தெரிந்தது. சேலையைப் பிடித்துக்கொண்ட பெண்கள், வேட்டியைப் பிடித்துக்கொண்ட ஆண்கள். எல்லோரும் கையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். பாசக்கார ஊர், தன்னைப் பார்க்க வந்திருக்கிறது, மூச்சுக்கூட விடாமல் நிற்கிறது என்று அவள் நினைத்தாள், நெஞ்சு நிறைந்தது, அடுத்த கேள்விக்குப் போனாள்.

அவர்கள் வாயைப் பொத்தியிருந்தது பாசத்தால் அல்ல, சத்தியத்தால். தெற்கே மூணாம் நம்பர்க் காத்தாடி பிரேக்கில்லாமல் வெறிபிடித்துச் சுழன்றுகொண்டிருந்தது, அதன் இறக்கைகள் கண்ணுக்கே தெரியவில்லை, உச்சிப் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது, பிரேக்கில் குனிந்திருந்ததில் சேலையைக் கவனிக்காமல் போன தவசி பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கந்தல்போல ஒட்டியிருந்தான். ஏணியில் காலை வைத்தால் காற்று அவனை உரித்து எறிந்துவிடும். காசிமாயன் ஜன்னலுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் சுழற்றிக் காட்டினார், மேலே கைகாட்டினார், கழுத்தை அறுப்பதுபோல் காட்டினார். விருமாயி அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் பரீட்சை ரத்து.

"உள்ள போயிச் சொல்லுங்கடா" என்றது ஒரு கிசுகிசுப்பு.

"சத்தியம் பண்ணிருக்கோம்ல. சூடம் அணைச்சிருக்கோம்."

"அவன் சாகப்போறான்டா."

"அவ வாழ்க்கையும்ல போகுது. போன தடவ அந்தப் பிள்ள எப்படி அழுதுச்சுன்னு பாத்தீரா இல்லையா?"

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு மொக்கத்தாயி வந்தாள். விடுமுறை விட்ட கிட்டங்கியின் கதவைக் காற்று பிய்த்தெறிந்துவிட, மிஞ்சிய பஞ்சையாவது காப்பாற்றலாம் என்று மடி நிறைய அள்ளிக் கட்டிக்கொண்டு நின்றவளுக்கு அங்கேதான் சேதி தெரிந்திருந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. சூடம் அணைத்த வலது கையால் கதவைத் தள்ளினாள். கதவோடு காற்றும் உள்ளே விழுந்தது.

விருமாயி திரும்பவில்லை. திரும்பாமலே, உதடு அசையாமல், "அயித்த, வெளிய போங்க" என்றாள்.

"விருமாயி."

மாமியார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை 'அடியே', 'இந்தா', 'மூதேவி' என்பவைதான்.

"மூணாம் நம்பருல இருக்கான்டி. மேல. பிரேக்கு இல்ல."

திரையில் கேள்வி இருந்தது. விடையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. 'வேறு குரல் கேட்கிறது, திரையைப் பாருங்கள்' என்று லேப்டாப்புக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. விருமாயி அந்தக் கேள்வியை ஒரு கணம் பார்த்தாள், அப்புறம் படக்கென்று மூடியைச் சாத்தினாள்.

விசிறி நிற்கவில்லை. பரீட்சை முடிகிறவரை தூங்காதே என்று அந்தப் புரோகிராம் அதற்குக் கட்டளை போட்டிருந்தது. மூடியைத் திறந்து பொத்தானைத் தேடினாள். பொத்தான் இருந்த இடத்தில் தவசியின் கட்டைவிரல் ரேகை பதிந்த கல் இருந்தது. நகத்தால் கீறினாள், நகம் போனது. அரிவாள்மனையால் கொத்தினாள், அரிவாள்மனை வழுக்கியது. சார்ஜரைப் பிடுங்கி எறிந்தாள். கம்மலை வைத்து வாங்கிய புதுப் பேட்டரி பொழுதுக்கும் தாங்குவேன் என்று சிரித்தது. ஊரெல்லாம் சேர்ந்து அணையாதே அணையாதே என்று வைத்தியம் பார்த்த பெட்டி, அணை என்று கதறும்போது அணையவே அணையாத பெட்டியாக ஆகியிருந்தது. தெற்கேயிருந்து இரும்பு கிழிகிற சத்தம் வந்தது.

"ஒடச்சுப் போடவா?" மொக்கத்தாயி அம்மிக்குழவியைத் தூக்கினாள்.

"ஒடைஞ்சா காத்து எப்படி நிக்கும்னு யாருக்கு அயித்த தெரியும்? மொத்தமா அவுந்துக்கிட்டா?" குழவி அந்தரத்திலேயே நின்றது. விருமாயியின் கண் மாமியாரின் மடிக்குப் போனது. "பஞ்சக் குடுங்க."

லேப்டாப்பைக் குப்புறப் போட்டாள். தலையணை அடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது; நடுவில் திணிக்கக்கூடாது, முதலில் மூலை, மூலை நிறைந்த பிறகு ஓரம், ஓரம் நிறைந்த பிறகுதான் வயிறு. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த விரல்கள், கொண்டை ஊசியால் குத்திக் குத்தி, விசிறி மூச்சு வாங்குகிற சல்லடை ஓட்டையில் மூலை முதலாகப் பஞ்சை இறக்கின. மாமியார் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள், மருமகள் குத்திக் குத்தி அடைத்தாள். பெட்டி கொதித்தது, கை வெந்தது, விடவில்லை. விசிறி முதலில் இருமியது. ஓடுகள் ஒருமுறை பற்களைக் கடித்து நிறுத்தின. விசிறி திணறியது. வேப்பமரம் நிமிர்ந்தது. 'தேர்வு துண்டிக்கப்ப' என்ற பெண்குரல் சொல்லை முடிக்காமல் நின்றது, திரை கறுத்தது, காற்று நின்றது.

நின்றதென்றால் எப்படி நின்றது! வானத்தில் பறந்துகொண்டிருந்த தகரங்களும் கூடைகளும் ஒரு சிவப்புச் சேலையும் இரண்டு கோழிகளும் பொத்துபொத்தென்று ஒரே சமயத்தில் விழுந்தன. அதற்குப் பின் ஊரில் கேட்ட ஒரே சத்தம், தூரத்தில் ஏணிக் கம்பியில் ஒரு மனிதனின் கால் படுகிற சத்தம். டங். டங். டங். யாரும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

தவசி வந்து வாசலில் நின்றான். முகமெல்லாம் கிரீஸ். கறுத்த திரையையும் வெந்த கையையும் பார்த்தான்.

"எத்தன கேள்வி பாக்கி?"

"பாதி." அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தப் பொத்தான மூடுன கையக் காட்டு."

அவன் நீட்டினான். அடிப்பாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, பிடித்துக்கொண்டேயிருந்தாள்.

அப்புறம் காற்று வரவில்லை. முதலில் பஞ்சுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். வாசலிலேயே காயை உடைத்தார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டு அடுப்புப் புகையும் போக வழியில்லாமல் அந்தந்த வீட்டின் மேலேயே இன்னொரு கூரையாக நின்றது, ஈரத்துணி காயவில்லை, சொன்ன வசவுகள் எதிராளியின் காதுவரை போகாமல் சொன்னவர் முகத்திலேயே தொங்கின, மொக்கத்தாயியே வியர்வையில் பஞ்சு ஒட்டி வெள்ளைக் குரங்குபோல் ஆனாள். காத்தாடிகள் சிலுவைபோல நின்றன. ஆனாலும் யாரும் விருமாயி வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. கேட்கிற முகம் ஒருவருக்கும் இல்லை. கடைசியில் தேவசகாயம் வந்தார்.

"கொஞ்சம் காத்து விடணும்மா."

"விடுறேன். என் வீட்டுக்காரரு இனி ஏணியில கால் வைக்கக் கூடாது. கீழ வேல குடுங்க."

"அது மேல பேசணும்மா."

"பேசுங்க. நான் என்ன அவசரத்துலயா இருக்கேன்?" என்று முறத்தால் விசிறிக்கொண்டாள்.

மறுநாளே தவசி கீழே கேட்டுக்குள் உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்க்கிற வேலைக்கு வந்தான். அதோடு அவள் இன்னொன்றும் வாங்கினாள்: இனி எவன் கோபுரத்தில் ஏறினாலும், முதலில் அவள் வீட்டுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், இறங்கியதும் வந்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அன்று சாயங்காலம், தான் அடைத்த பொத்தானைத் தவசியே ஆணியால் கொத்தித் திறந்தான். விருமாயி கொண்டை ஊசியால் பஞ்சை எடுத்தாள். முழுதும் எடுக்கவில்லை, ஒரு கிள்ளு விட்டுவைத்தாள். அளவான காற்று வந்தது. இன்றைக்கும் அந்த ஊர்க் காற்று அவள் வைத்த கிள்ளுக்கு அதிகமாக அடிப்பதில்லை.

ஒரே ஒரு விஷயம். சில மத்தியானங்களில், ஒரு காரணமுமில்லாமல், காற்று திடீரென்று வேகம் பிடிக்கும், ஓடுகள் லேசாகப் பல்லைக் கடிக்கும். அப்போது கிட்டங்கியில் பெண்கள் பஞ்சைப் படுதாவால் மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள், முதலில் மூடுவது மொக்கத்தாயிதான். "பாக்கிக் கேள்விக்குப் பதில் எழுதுறா. எழுதட்டும்" என்பாள்.

இவ்வளவுதான் நடந்தது, நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். ஆனால் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இதை யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் மூச்சுவிடாதீர்கள். காசிமாயன் சொன்னதாகச் சொல்லுங்கள், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பெண் கையில் இன்னும் பஞ்சு இருக்கிறது, என் வீட்டிலோ காற்று வர ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது.